பன்னிரண்டு பெரிதா, பத்து பெரிதா?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை போதாவிட்டால் சொல்லுங்கள். இன்றைக்கு நாம் பேசப்போவது கொஞ்சம் ஆற அமரப் பேச வேண்டிய விஷயம்.

என் அக்கா மகன் கல்லூரியில் சேர்ந்த வருஷம், சென்னை ரிச்சி தெருவிலிருந்து போன் செய்தான். "மாமா, கிராபிக்ஸ் கார்டு ரெண்டு காட்டுறாங்க. ஒண்ணு 2 ஜிபி, இன்னொண்ணு 4 ஜிபி. விலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதை வாங்கட்டும்?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இதுல என்னடா சந்தேகம்? நாலுதான்" என்றேன். வாங்கி வந்து மாட்டினோம். கார் பந்தய விளையாட்டைப் போட்டால், கார் ஓடவில்லை. ஒவ்வொரு போட்டோவாக நகர்ந்தது. அவன் நண்பனிடம் இருந்தது அந்த 2 ஜிபி கார்டு. அதில் அதே கார் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. பையன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமா என்கிற மரியாதை. அந்த மௌனம்தான் என்னை இதையெல்லாம் தேடிப் படிக்க வைத்தது.

முதலில் கார்டு என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சாதாரண முழு எச்டி திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். விளையாட்டு தடங்கலின்றி ஓட நொடிக்கு 60 படங்களாவது வேண்டும். இந்த ஒவ்வொரு படத்துக்கும் பிரேம் என்று பெயர். ஆக, நொடிக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட தடவை, 'இந்தப் புள்ளிக்கு என்ன நிறம்?' என்ற கேள்விக்கு விடை தேட வேண்டும். சுவரின் நிறம், அதில் விழும் வெயில், குறுக்கே நிற்கும் மரத்தின் நிழல் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு விடையும் வரும்.

இதை நான் எப்போதும் கல்யாணச் சமையற்கட்டாகத்தான் நினைத்துக்கொள்வேன். ஒரு பிரேம் என்பது ஒரு பந்தி. இருபது லட்சம் இலை, நொடிக்கு அறுபது பந்தி. ஒரு பந்திக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் அறுபதில் ஒரு பங்கு. அது தவறினால் விருந்தாளி இலை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நம் கண்ணுக்குப் படம் திக்கித் திக்கி ஓடும்.

சமையற்கட்டில் முதலில் கண்ணில் படுவது சமையல்காரர்கள். கார்டின் நடுவே இருக்கும் சிப்பில் ஆயிரக்கணக்கான குட்டிக் கணக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கோர் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் தெரிந்தது எளிய கூட்டலும் பெருக்கலும்தான். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வார்கள். சிப்புக்குள் ஒரு தாளம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் எல்லாருடைய கையும் ஒரு அசைவு அசையும். அந்தத் தாளத்தின் வேகம்தான் மெகாஹெர்ட்ஸ். 1777 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 178 கோடித் தட்டு. 'பிராசஸர் வேகம்' என்று கடைகளில் சொல்வது இதைத்தான்.

இங்கேயே ஒரு சின்னச் சறுக்கல் இருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கார்டின் அதிகபட்ச வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். அதே குடும்பத்தின் 3080-க்கு 1710 மட்டுமே. எண்ணை மட்டும் பார்த்தால் 3060 வேகமானது. ஆனால் 3060-இல் இருக்கும் கோர்கள் 3584, 3080-இல் 8704. கை வேகத்தில் இம்மியளவு மெதுவான எட்டாயிரத்துச் சொச்சம் பேர், கொஞ்சம் வேகமான மூவாயிரத்துச் சொச்சம் பேரைவிட அதிகம் சமைத்துவிடுவார்கள் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. ஆள் எண்ணிக்கையையும் கை வேகத்தையும் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். அதுவும் ஒரே தலைமுறைக் கார்டுகளுக்குள்தான் அந்தப் பெருக்கல் சரியாக வரும். தலைமுறை மாறினால் ஒரு தட்டில் ஒரு கோர் செய்யும் வேலையே மாறிவிடும்.

சரி, சமையல்காரர்கள் தயார். அரிசி, பருப்பு, காய்கறி எங்கே? கல்யாண மண்டபத்தில் சமையற்கட்டுக்குப் பக்கத்திலேயே உக்கிராண அறை இருக்குமே, சாமான்களை எல்லாம் அடுக்கி வைக்கும் அறை, அதுதான் கார்டின் மெமரி. சுவரின் படம், மரத்தின் வடிவம், பாதி வரைந்த பிரேம் எல்லாம் அங்கேதான் இருக்கும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் அச்சடிக்கும் 4 ஜிபி, 8 ஜிபி, 12 ஜிபி எல்லாம் இந்த அறையின் கொள்ளளவு.

இப்போது வந்துவிட்டோம், எல்லோரும் தடுக்கி விழும் இடத்துக்கு. நானும் விழுந்த இடம்தான். அறை பெரிதாக இருந்தால் சமையல் சீக்கிரம் நடக்குமா?

நடக்காது. நூறு மூட்டை அரிசி வைக்க இடம் இருக்கிறது என்பதாலேயே உலை சீக்கிரம் கொதிக்காது. சமையல்காரருக்கு வேண்டியது கேட்ட நேரத்தில் சாமான் கைக்கு வருவது. அதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, உக்கிராண அறைக்கும் அடுப்புக்கும் நடுவே எத்தனை வாசல். இரண்டு, ஒவ்வொரு வாசலிலும் எடுபிடிகள் எவ்வளவு வேகமாக ஓடுகிறார்கள். வாசல்களின் எண்ணிக்கையைப் பிட் கணக்கில் சொல்வார்கள்: 64 பிட், 128 பிட், 192 பிட். ஓட்ட வேகத்தை, ஒரு வாசல் வழியே நொடிக்கு எத்தனை கோடிப் பிட் போகிறது என்று சொல்வார்கள்.

கணக்கு எளிது, போட்டுப் பார்ப்போம். 3060-க்கு வாசல் 192. ஒவ்வொன்றிலும் நொடிக்கு 15 கிகாபிட், அதாவது 1500 கோடிப் பிட். பெருக்கி, எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் நொடிக்கு 360 ஜிபி. 3080-க்கு வாசல் 320, வேகம் 19 கிகாபிட். அதே கணக்கில் 760 ஜிபி. இதற்கு மெமரி பேண்ட்வித் என்று பெயர். நான் 'வரத்து' என்று சொல்லிக்கொள்கிறேன். ஏரிக்கு நீர் வருவதைச் சொல்வோமே, அந்த வரத்து.

இனி தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வரலாம். 3060-இல் இருப்பது 12 ஜிபி. 2020-இல் 3080 முதன்முதலில் வந்தபோது அதில் இருந்தது 10 ஜிபி. மெமரியிலும் 3060 பெரிது, மெகாஹெர்ட்ஸிலும் 3060 பெரிது. ஆனால் அறிமுக விலை 3060-க்கு 329 டாலர், 3080-க்கு 699 டாலர். புள்ளிகள் இன்னும் மிகுந்த 4கே திரையில் ஓடவிட்டால் 3080 தரும் பிரேம்கள் இரண்டு மடங்கை நெருங்கும். டப்பாவில் எடுப்பாக அச்சாகும் இரண்டு எண்ணும் நம்மைத் தப்பான பக்கம் கைகாட்டி அனுப்பியிருக்கும். கோரும் வரத்தும் சின்ன எழுத்தில் எங்கோ மூலையில் கிடந்திருக்கும்.

மலிவுக் கார்டுகளில் இந்த வித்தை இன்னும் கூர்மை. 2014-இல் வந்த ஜிடி 730 என்ற கார்டையே பாருங்கள். ஒரே பெயரில் பல உடல். 384 கோர் கொண்ட ஒரு வகையில் டிடிஆர்3 மெமரி, நொடிக்கு 14.4 ஜிபி வரத்து. அதே 384 கோர், அதே 902 மெகாஹெர்ட்ஸ் கொண்ட இன்னொரு வகையில் ஜிடிடிஆர்5 மெமரி, 40 ஜிபி வரத்து. டிடிஆர்3 என்பது கணினியின் பொது வேலைக்கான ரேம். ஜிடிடிஆர் அதன் பந்தயக் காளைத் தம்பி, கிராபிக்ஸுக்கென்றே வளர்த்தது. டிடிஆர்3 மலிவு என்பதால் அதை 4 ஜிபி வரைகூட அள்ளி வைத்து விற்க முடிந்தது. பெரிய கிடங்கு, ஊசிக்காது வாசல். எங்கள் வீட்டுக்கு வந்ததும் இந்த ஜாதிதான் என்று பின்னால்தான் புரிந்தது. முன்னால் இருக்கும் 'ஜி' என்ற ஒற்றை எழுத்தைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும்.

ஜிடி 1030 கதை இதைவிட வேடிக்கை. 2017-இல் வந்தபோது 2 ஜிபி ஜிடிடிஆர்5, வரத்து 48 ஜிபி. மறு வருஷம் அதே பெயரில், அதே 2 ஜிபியோடு, டிடிஆர்4 போட்ட வகை ஒன்று வந்தது. அதன் வரத்து 16.8 ஜிபி. கோர் எண்ணிக்கையில் மாற்றமில்லை, மெகாஹெர்ட்ஸ் கொஞ்சமே குறைவு. சோதித்துப் பார்த்தவர்களுக்குப் பல விளையாட்டுகளில் ஏறக்குறைய பாதி பிரேம்கள்தான் கிடைத்தன. சமையல்காரர்கள் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு பருப்பு வரட்டும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. இது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1999-இல் அறிமுகமான ஜீஃபோர்ஸ் 256 கார்டே எஸ்டிஆர், டிடிஆர் என்று இரண்டு வகை மெமரியோடு விற்பனையானது. அப்போது வித்தியாசத்தைப் பெயரோடு சேர்த்தே சொன்னார்கள், அது பரவாயில்லை.

இவ்வளவு சொன்னதும் நீங்கள் நியாயமாகக் கேட்பீர்கள்: அப்படியானால் ஜிபிக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அதன் குணம் வேறு. அறையில் இடம் இருக்கும்வரை அது கண்ணுக்கே தெரியாது. இடம் தீர்ந்த அந்த நொடியில் சமையற்கட்டையே கவிழ்த்துவிடும்.

எப்படி என்று பார்ப்போம். விளையாட்டில் ஒரு கற்சுவர் வருகிறது. அதன் மேல் ஒட்டும் படம், டெக்ஸ்சர் என்பார்கள், 4096-க்கு 4096 புள்ளிகள் என்று வையுங்கள். புள்ளிக்கு நாலு பைட் வீதம் 64 எம்பி. சுருக்கி வைத்தாலும் 16 எம்பி போல ஆகும். ஒரு தெருவில் இப்படி நூற்றுக்கணக்கான பொருட்கள். 8 ஜிபி அறை நிரம்பிவிட்டால், மீதிச் சாமானைக் கணினியின் பொது ரேமில் வைக்க வேண்டியதுதான். அது பக்கத்து அறையில் இல்லை, தெருக்கோடி மளிகைக் கடையில் இருக்கிறது. அங்கே போய்வரும் சாலைக்குப் பெயர் பிசிஐஇ.

2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டுக்குச் சொந்த மெமரியிலிருந்து வரத்து நொடிக்கு 288 ஜிபி. கடைத்தெருச் சாலை வழியே வருவது 16 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. பதினெட்டில் ஒரு பங்கு. தாளிக்கும் நேரத்தில் கடுகு வாங்கப் பையனைக் கடைக்கு அனுப்பிய மாதிரி. திரையில் இது சீரான மந்தமாகத் தெரியாது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஒரு திருப்பத்தில் திரும்புவீர்கள், படம் சட்டென்று ஒரு குலுங்கு குலுங்கும், மறுபடி ஓடும். சில விளையாட்டுகள் புத்திசாலித்தனமாக, கடைக்கு அனுப்பாமல், இருக்கும் மங்கலான படத்தையே சுவரில் ஒட்டிச் சமாளிக்கும்.

அதே 4060 டிஐ, 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகையாக வந்தது. சிப், கோர், வாசல், வரத்து எல்லாம் அச்சு அசல் ஒன்றே. 16 ஜிபிக்கு நூறு டாலர் அதிகம். பெரும்பாலான விளையாட்டுகளில் இரண்டும் ஒரே வேகம். நூறு டாலர் வீண் என்று தோன்றும். 8 ஜிபியைத் தாண்டிச் சாமான் கேட்கும் விளையாட்டில் மட்டும் ஒன்று குலுங்கும், மற்றது கேட்டதே காதில் விழாததுபோல ஓடும். ஜிபி என்றால் வேகம் என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு கிளைக்கதை. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 970-இல் 4 ஜிபி என்றார்கள். 4 ஜிபி இருந்தது உண்மை. ஆனால் கடைசி அரை ஜிபிக்கு மட்டும் வரத்து மற்றதைவிட மிகக் குறைவு. வாங்கிய சிலர் தாங்களே சோதித்துக் கண்டுபிடிக்க, 2015 தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்து வழக்கானது. அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குக் கார்டுக்கு 30 டாலர் என்று சமரசம் ஆயிற்று. அறை அளவு சரியாக இருந்தும் ஒரு மூலைக்கு வாசல் சரியில்லை என்று கோர்ட்டுக்குப் போன கதை.

இன்னொரு டீ போடட்டுமா? அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

3060 டிஐ கார்டின் வரத்து 448 ஜிபி. அதற்குப் பின் வந்த 4060 டிஐ-க்கு 288 மட்டுமே என்று பார்த்தோம். வாசலை 256-லிருந்து 128-ஆகப் பாதியாக்கிவிட்டார்கள். நாம் இதுவரை பேசியபடி புதியது தோற்க வேண்டும். ஆனால் பல விளையாட்டுகளில் கொஞ்சம் முந்தவே செய்தது. எப்படி?

நம் வீட்டு அம்மாக்களைக் கேட்டால் விடை சொல்வார்கள். தாளிக்க ஒவ்வொரு தடவையும் உக்கிராண அறைக்கு ஓடுகிறார்களா? கடுகு, உளுந்து, மிளகு, சீரகம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். சிப்புக்குள்ளேயே இருக்கும் அந்த அஞ்சறைப் பெட்டிக்குக் கேஷ் என்று பெயர். இரண்டாம் நிலைக் கேஷ் என்ற வகை, 3060 டிஐ-யில் 4 எம்பி. 4060 டிஐ-யில் 32 எம்பி. பெட்டி எட்டு மடங்கு பெரிதானதும் அறைக்குப் போக வேண்டிய தேவையே குறைந்துவிட்டது. ஆனால் 4கே போலப் பெரிய திரைக்குப் போனால் சாமான் பெட்டியில் அடங்காது. பழைய வாசல் கணக்கு திரும்பி வந்துவிடும், முந்தலும் சுருங்கிவிடும். ஆகவே வரத்து எண்ணைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது.

சமையற்கட்டுக்கு வெளியே இன்னொருவர் இருக்கிறார். எந்த இலைக்கு என்ன, எத்தனை என்று சீட்டு எழுதி உள்ளே அனுப்புபவர். அவர்தான் கணினியின் மூளையான சிபியு. எதிரி எங்கே நிற்கிறான், பந்து எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, 'இதை வரை' என்று கார்டுக்குச் சொல்வது அவர் வேலை. அவர் மெதுவாக எழுதினால் எட்டாயிரம் சமையல்காரர்கள் இருந்தும் பயனில்லை. பழைய சிபியுவோடு விலை உயர்ந்த கார்டை மாட்டிவிட்டு ஏமாந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள்.

உங்கள் கணினியில் யார் தாமதம் செய்கிறார்கள் என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. விளையாட்டின் செட்டிங்ஸில் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். இலை எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விட்டது. பிரேம்கள் நன்றாக ஏறினால், இதுவரை திணறியது கார்டு. எண் அப்படியே நின்றால் சீட்டு எழுதுபவர்தான் தாமதம். புதுக் கார்டு வாங்கும் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. தனிக் கார்டு உள்ள லேப்டாப் என்றால் வாட் எண்ணைக் கேளுங்கள். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060, தயாரிப்பவர் விருப்பப்படி 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கேயும் நிற்கலாம். பெயர் ஒன்றே. அடுப்புக்கு எவ்வளவு எரிவாயு விடுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

தனிக் கார்டே இல்லாத லேப்டாப்பில் படம் வரையும் பகுதி கணினியின் பொது ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். அங்கே ரேம் ஸ்டிக் ஒன்று மட்டும் இருந்தால், டிடிஆர்4 3200 வகையில் வரத்து 25.6 ஜிபி. எட்டு ஜிபி ஸ்டிக் ஒன்றை எடுத்துவிட்டு நாலு நாலாக இரண்டு போட்டால் 51.2. மொத்த ஜிபி மாறவே இல்லை. வரத்து இரட்டித்தது, பல விளையாட்டுகளில் பிரேம் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு மட்டும் நான் சொன்னதைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். 700 கோடி எண்கள் கொண்ட மாடலை எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் வைத்தால் 14 ஜிபி. சுருக்கினால் நாலு ஜிபிக்குள்கூட அடங்கும். ஒவ்வொரு சொல்லை எழுதும்போதும் கிட்டத்தட்ட மாடல் முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும். எனவே மாடல் அறைக்குள் அடங்குகிறதா என்பதே முதல் கேள்வி, வரத்து இரண்டாவது. 11 ஜிபி மாடல் என்றால், 12 ஜிபி 3060, தன்னைவிட இரண்டு மடங்கு விலைக்கு வந்த 10 ஜிபி 3080-ஐ அங்கே உட்கார வைத்துவிடும். பன்னிரண்டு நிஜமாகவே பத்தைவிடப் பெரிதாகும் இடம் அது.

கடைக்குப் போகிறீர்கள் என்றால் ஜிபியைக் கடைசியில் கேளுங்கள். முதலில் மெமரி எந்த வகை, எத்தனை பிட், எத்தனை கோர் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மாடலின் முழுப் பெயரைப் போனில் தேடினால் தயாரிப்பாளரின் பக்கத்திலேயே இருக்கும். 'நாலுதான்' என்று போனில் உடனே சொல்கிற மாமாக்களை மட்டும் நம்பாதீர்கள்.

அக்கா மகன் பிறகு சம்பாதித்து வேறு கார்டு வாங்கிக்கொண்டான். அந்த 4 ஜிபி கார்டு இப்போது என் மேஜைக் கணினியில் இருக்கிறது. இரண்டு திரைக்குப் படம் அனுப்பும் வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்கிறது. இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்தது அதில்தான்.